காசு வாங்கினாரா என்பது இரண்டாவது கேள்வி

ஓர் அமைச்சர் மீதோ எம்.எல்.ஏ. மீதோ புகார் கிளம்பினால் நம் பேச்சு உடனே ஒரே இடத்தில் போய் நிற்கும். "காசு வாங்கினாரா? ஆதாரம் இருக்கா?" ஆதாரம் இல்லையென்றால் ஒரு தரப்பு "அப்புறம் என்ன, விடுங்க" என்கிறது. இன்னொரு தரப்பு "எல்லாரும் அப்படித்தான், இதில் என்ன புதுசு" என்கிறது. இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத் தவறவிடுகின்றன. லஞ்சத்தைப் பிடிக்கத் தனிச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதிகளுக்கான நெறிமுறைகள் அதற்கு முந்தைய கட்டத்தைப் பார்ப்பவை. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவருக்கு அந்த முடிவால் சொந்த லாபம் வர வழி இருக்கிறதா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இதைக் கேட்கத் தெரியாததால்தான் நம் ஊரில் நெறிமுறை பற்றிய பேச்சு எப்போதும் கட்சிச் சண்டையாகவே முடிகிறது. அடிப்படையிலிருந்து போவோம்.

திருவிழாக் கமிட்டியின் பொருளாளர்

ஊர்த் திருவிழாவுக்கு வரி வசூலித்தாயிற்று. பந்தல், மைக் செட், சீரியல் லைட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும். கமிட்டிப் பொருளாளரின் மைத்துனர் பந்தல் தொழில் செய்கிறார். வேலை அவருக்கே போகிறது.

பொருளாளர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். மைத்துனர் உண்மையிலேயே மற்றவர்களைவிடக் குறைந்த ரேட் கொடுத்திருக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கை மாறாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஊரில் பேச்சு எழும். அந்தப் பேச்சை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ரேட் சரியா, பந்தல் தரமாக இருக்கிறதா, பாக்கித் தொகையைக் கொடுக்கலாமா என்று பார்க்க வேண்டியவர் அவரே. தப்பு நடந்தால் பிடிக்க வேண்டியவரும் அவரே. ஊருக்காகக் கறாராகப் பேச வேண்டிய இடத்தில், வீட்டில் மனைவியின் முகம் கோணாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார். அவர் நேர்மையாகத்தான் நடந்தார் என்பதை அவர் உட்பட யாராலும் நிரூபிக்க முடியாது.

இதற்கு ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த வழி எளியது. பொருளாளர் கூட்டத்தில் எழுந்து, "இதில் என் மைத்துனரும் கேட்டிருக்கார், இதை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நோட்டில் அதை எழுதிவைப்பார்கள். மைத்துனருக்கே வேலை கிடைத்தாலும் அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நலன் முரண் என்றால் என்ன

பொதுக் கடமையும் சொந்த லாபமும் ஒரே முடிவில் வந்து மோதும் நிலைமைக்கு நலன் முரண் என்று பெயர். நிலைமை என்ற சொல்லைக் கவனியுங்கள். அது குற்றச்சாட்டு ஆகாது. ஒருவர் மருத்துவமனை நடத்திவிட்டு அரசியலுக்கு வந்தால் அவருக்கு நலன் முரண் வரக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் நெறி இருக்கிறது.

கையாள மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சொத்து, தொழில், பங்கு, உறவு எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது. இரண்டாவது, அது சம்பந்தப்பட்ட முடிவு வரும்போது விலகி நிற்பது. மூன்றாவது, சில சேர்க்கைகளை மொத்தமாகத் தடை செய்துவிடுவது. உலகில் எந்த நாட்டின் நெறிமுறைப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த மூன்றில் ஒன்றோ, மூன்றின் கலவையோதான் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒழுக்கம் என்றதும் நம் மனம் ஒருவருடைய குடும்ப வாழ்க்கை, குடிப்பழக்கம் என்று போய்விடுகிறது. பொதுப் பதவிக்கான நெறிமுறையின் மையம் அது கிடையாது. மக்கள் ஒப்படைத்த அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே அதன் கவலை. அதேபோல, தேர்தல் நேரத்தில் செய்திகளில் அடிபடும் 'தேர்தல் நடத்தை விதிமுறைகள்' வேறு. அவை தேர்தல் அறிவிப்பில் தொடங்கி, தேர்தல் முடிந்ததும் முடிந்துவிடும். நாம் பேசுவது மீதி ஐந்து வருடங்களைப் பற்றி.

சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சரியா? டான்சி வழக்கு

'கோர்ட்டே விடுவித்துவிட்டது, அப்புறம் என்ன' என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதைக் கட்சிக் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

டான்சி என்பது தமிழ்நாடு அரசின் சிறுதொழில் நிறுவனம். கிண்டியில் அதற்குச் சொந்தமான நிலத்தையும் கட்டடத்தையும் 1992இல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. அதன் பங்குதாரர்களில் ஒருவர், அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா. விற்றது அரசு நிறுவனம், வாங்கியது அரசின் தலைவர் பங்குதாரராக இருந்த நிறுவனம்.

2000 அக்டோபரில் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. வெளியில் நின்று பார்த்தவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிட்டது. தீர்ப்பின் உள்ளே இருக்கும் தர்க்கம்தான் நமக்கு வேண்டியது.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 169 என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு சொத்தை வாங்கக்கூடாது என்று சட்டம் ஒரு பொது ஊழியரைத் தடுத்திருக்கும்போது, அவர் அதை வாங்கினால் குற்றம். சரி, முதலமைச்சர் அரசு சொத்தை வாங்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த விதிகள் நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் கிடையாது. அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை, எனவே அவற்றை மீறியது பிரிவு 169இன்படி குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

அதோடு நிறுத்தவில்லை. சொத்தை நிபந்தனையின்றித் திருப்பித் தருவதோடு, நடத்தை விதிகளின் உணர்வை மீறியது சரியா என்று அவர் தன் மனசாட்சியைக் கேட்டுப் பரிகாரம் தேட வேண்டும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். சந்தேகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் கிரிமினல் வழக்கில் அது ஆதாரத்துக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும், நடந்தது சரியில்லை என்பதும் ஒரே தீர்ப்பில் அருகருகே நிற்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இந்தியாவில் பொதுப் பதவி நெறி பற்றிப் பேச விரும்பும் யாரும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது என்பது என் கருத்து.

இதுவரை பார்த்தது: நலன் முரண் என்பது நிலைமை. நெறிமுறை அதைத் தப்பு நடக்கும் முன்பே கையாளச் சொல்கிறது. கிரிமினல் சட்டம் தப்பு நடந்த பிறகு, நிரூபணம் கேட்டு வருகிறது.

அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள்

அந்த விதிகள் எங்கிருந்து வந்தன? 1962இல் அன்றைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஊழல் தடுப்பு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர், தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம். அந்தக் குழுவின் பரிந்துரையில்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதே ஆண்டு மத்திய, மாநில அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளும் வந்தன.

விதிகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அவ்வளவு தெளிவானவை. பதவி ஏற்கும் முன் சொத்து, கடன், தொழில் விவரங்களைப் பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ கொடுக்க வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பதவியில் இருக்கும்போது புதிதாகத் தொழில் தொடங்கக்கூடாது. அரசுக்கு நிலம் விற்கவோ அரசிடமிருந்து வாங்கவோ கூடாது. நெருங்கிய உறவினர் தவிர வேறு யாரிடமும் மதிப்பு மிக்க பரிசு வாங்கக்கூடாது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 31க்குள் சொத்துக் கணக்கைப் புதுப்பித்துத் தர வேண்டும்.

பிரச்சினை இரண்டு இடங்களில். மத்திய அமைச்சர் மீறினால் பார்க்க வேண்டியவர் பிரதமர், மாநில அமைச்சர் மீறினால் முதலமைச்சர். தன் அமைச்சரவையைக் காப்பாற்ற வேண்டியவரிடமே தன் அமைச்சரைக் கண்டிக்கும் பொறுப்பும் இருக்கிறது. முதலமைச்சரே மீறினால் பிரதமரும் மத்திய உள்துறை அமைச்சரும் பார்க்க வேண்டும் என்கின்றன விதிகள். வெவ்வேறு கட்சிகள் ஆளும் கூட்டாட்சியில் இது நடைமுறையில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, குடும்பம் என்பதன் வரையறை. மனைவி அல்லது கணவர், மைனர் பிள்ளைகள், முழுக்க அவரைச் சார்ந்து வாழும் உறவினர்கள் மட்டுமே இதில் வருவார்கள். சொந்தமாக கம்பெனி நடத்தும் முப்பது வயது மகனோ, காண்ட்ராக்ட் எடுக்கும் தம்பியோ, சம்பந்தியோ வர மாட்டார்கள். நம் ஊரில் தொழிலும் அரசியலும் உறவு வழியாகத்தான் கைகோக்கின்றன என்பது தெரிந்ததே. விதிகளின் கண் சரியாக அந்த இடத்தில் மூடிக்கொள்கிறது.

ஆதாயம் தரும் பதவி

மூன்றாவது வழியான மொத்தத் தடைக்கு நல்ல உதாரணம் இது. அரசமைப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவு எம்.பி.க்களுக்கும், 191ஆம் பிரிவு எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு தடை போடுகின்றன: அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகித்தால் உறுப்பினர் பதவி போய்விடும். ஆதாயம் தரும் பதவி என்றால், அரசு நியமித்து, சம்பளமோ படியோ வசதியோ கிடைக்கக்கூடிய பதவி. அமைச்சர் பதவிக்கு அரசமைப்புச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. எம்.பி.க்கள் வகிக்கும் வேறு சில பதவிகளுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது.

இதன் நோக்கத்தைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் இரண்டு சம்பளம் வாங்குவதைத் தடுக்க வந்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பாற்ற நினைப்பது சபை உறுப்பினரின் வாயை. எம்.எல்.ஏ.வின் வேலை அரசைக் கேள்வி கேட்பது. அரசே அவருக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி, கார், டிரைவர் கொடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்தொடரில் அவர் எழுந்து கேட்பாரா?

2006இல் ஜெயா பச்சனின் மாநிலங்களவை உறுப்பினர் பதவி இதனால்தான் போனது. அவர் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தார். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், உபசரிப்புச் செலவுக்கு 10,000 ரூபாய், டிரைவருடன் கார் என்பவை அந்தப் பதவிக்கு உரியவை. தான் அவற்றில் ஒன்றையும் வாங்கவில்லை என்றார் அவர். வாங்கினாரா என்பது முக்கியமில்லை, வாங்கக்கூடிய பதவியா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர் விஷயத்தில் நாம் பார்த்த தர்க்கமேதான் இது. மனசைப் பார்க்க முடியாது, நாற்காலியைப் பார்க்கலாம்.

அதே வருடம் இதே சர்ச்சையில் சோனியா காந்தி எம்.பி. பதவியையும் தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியையும் விட்டு விலகி, ரேபரேலியில் மறுபடி நின்று ஜெயித்தார். பல கட்சி எம்.பி.க்களுக்கும் பதவி போகும் நிலை. நாடாளுமன்றம் வேகமாக ஒரு திருத்தம் கொண்டுவந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பதவிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்தது, அதுவும் முன்தேதியிட்டு. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அந்த மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மாற்றாமலே மீண்டும் நிறைவேற்றியது. அரசமைப்புச் சட்டப்படி அதன்பிறகு அவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும், இட்டார். தடையை மீறியவர்களே தடையின் எல்லையை நகர்த்திக்கொண்ட சம்பவம் இது. கலாமின் அந்தத் திருப்பி அனுப்பலை நாம் இன்னும் அதிகமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அரசு ஒப்பந்தம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவும் இதே வகைத் தடைதான். எம்.எல்.ஏ.வாக இருப்பவர் தன் தொழிலின் பேரில் மாநில அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, அரசு வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் வைத்திருந்தால் தகுதிநீக்கம். ஒப்பந்தம் அவர் செய்துகொண்டதாக இருக்க வேண்டும். மனைவி பேரில் இருந்தால் இந்தப் பிரிவு தொடாது.

ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் முதலமைச்சராக இருந்தபோது சுரங்கத் துறையும் அவரிடமே இருந்தது. ராஞ்சி அருகே 0.88 ஏக்கரில் ஒரு கல் குவாரிக் குத்தகை 2021இல் அவர் பெயரில் கொடுக்கப்பட்டது. குத்தகை தருவது சுரங்கத் துறை, அதன் அமைச்சர் அவர், குத்தகை எடுத்தவரும் அவர். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2022இல் 9ஏ பிரிவின் கீழ் புகார் போனது. ஆனால் சுரங்கக் குத்தகை என்பது பொருள் சப்ளையும் ஆகாது, அரசு வேலையும் ஆகாது என்று 1964லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தேர்தல் ஆணையம் தன் கருத்தை மூடிய உறையில் ஆளுநருக்கு அனுப்பியது. அது மாதக்கணக்கில் வெளியே வரவில்லை.

0.88 ஏக்கர் பெரிய நிலம் கிடையாது. அந்தக் குத்தகையால் அவர் கோடீஸ்வரர் ஆகியிருக்கவும் மாட்டார். இருந்தாலும் நலன் முரணைப் பாடப் புத்தகத்தில் வரைந்து காட்டச் சொன்னால் இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. சட்டத்தின் சொற்களுக்குள் அது அடங்கவில்லை என்பதுதான் கவலை தருவது.

கேள்வியும் ஓட்டும் விற்பனைக்கு வரும்போது

சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் இதை மிக ஆரம்பத்திலேயே சந்தித்தது. 1951இல் எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகச் சபையில் வேலை பார்த்தார் என்று புகார். அவர் ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர். விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் நேருவே. குழுவுக்குத் தலைவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குழு புகாரை உறுதி செய்தது. வெளியேற்றப்படும் முன் முட்கல் ராஜினாமா செய்தார். அப்போதும் சபை விடவில்லை, அவர் வெளியேற்றத்துக்கே உரியவர் என்று தீர்மானத்தில் பதிவு செய்தது. கோர்ட் தீர்ப்புக்காக அந்தச் சபை காத்திருக்கவில்லை.

2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சியின் ரகசியப் படப்பிடிப்பில் 11 எம்.பி.க்கள் கேள்வி கேட்கப் பணம் வாங்குவது பதிவானது. ஒளிபரப்பான இரண்டு வாரத்துக்குள் 11 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். அப்படி வெளியேற்ற சபைக்கு அதிகாரம் உண்டு என்று 2007இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஓட்டுக்குப் பணம் வாங்கிய விஷயத்தில் மட்டும் நெடுநாள் ஒரு விசித்திரம் நீடித்தது. 1993இல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கியதாக வழக்கு. சபையில் போட்ட ஓட்டுக்காக உறுப்பினர் மீது எந்த வழக்கும் தொடர முடியாது என்று அரசமைப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதைக் காட்டி 1998இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், பணம் வாங்கி ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு, ஓட்டே போடாதவருக்குப் பாதுகாப்பு இல்லை! பேரத்தைச் சரியாக முடித்துக் கொடுத்தவர் தப்பித்தார்.

அதைத் திருத்த 26 வருடம் ஆனது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். கையில் பணம் வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது, பிறகு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பொருட்டே இல்லை என்று தெளிவுபடுத்தினார்கள். சபையில் பயமின்றிப் பேசத் தரப்பட்ட பாதுகாப்பு, பேச்சை விலைபேசவும் கிடைத்த லைசென்ஸாக இனி நிற்காது.

மறுபடி ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். அமைச்சர்களுக்கு நடத்தை விதிகள். எல்லா உறுப்பினர்களுக்கும் ஆதாயம் தரும் பதவித் தடையும் 9ஏ பிரிவும். சபைக்குத் தன் உறுப்பினரை வெளியேற்றும் அதிகாரம். இவற்றுக்கு மேல், லஞ்சத்துக்குக் கிரிமினல் சட்டம்.

யார் விசாரிப்பது

மாநிலங்களவை 1997இல் நெறிமுறைக் குழு ஒன்றை அமைத்தது. மக்களவையில் அத்தகைய குழு 2000இல் வந்து, 2015இல் நிரந்தரமானது. மாநிலங்களவையில் நலன்கள் பதிவேடு ஒன்றும் உண்டு. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, தொடர்ச்சியான வருமானம் தரும் வேலை, கட்டுப்பாடு செலுத்தும் அளவுக்குப் பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி என ஐந்து விஷயங்களை உறுப்பினர்கள் அதில் எழுத வேண்டும்.

ஆனால் எழுதிவைப்பதோடு எல்லாம் சரியாகிவிடாது. தொழிலதிபர் விஜய் மல்லையா விமான நிறுவனம் நடத்தியது நாட்டில் குழந்தைக்கும் தெரியும். மறைக்க அதில் ஒன்றுமில்லை. மாநிலங்களவை உறுப்பினரான அவர் விமானப் போக்குவரத்து தொடர்பான நாடாளுமன்றக் குழுவிலும் இருந்தார். முதல் வழியான வெளிப்படுத்தல் தானாகவே நடந்துவிட்டது. இரண்டாவது வழியான விலகி நிற்றலை யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது இல்லாத முதலாவதால் பெரிய பயன் இல்லை.

அடுத்தது, குழுவில் இருப்பவர்கள் யார்? எம்.பி.க்களே, கட்சி பலத்துக்கு ஏற்ப. 2023 டிசம்பர் 8 அன்று திரிணமூல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். நாடாளுமன்ற இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தது தவறு என்றது நெறிமுறைக் குழு. பணம் வாங்கினார் என்ற புகாரை அவர் மறுத்தார். குற்றம் சாட்டியவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தரவில்லை என்று எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன. 2024 தேர்தலில் அதே தொகுதியில் அவர் மறுபடி ஜெயித்தார். அவர் செய்தது சரியா தவறா என்பதில் வாசகர்களுக்கு வெவ்வேறு கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியும்: பெரும்பான்மைக் கட்சி பெரும்பான்மையாக இருக்கும் குழு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தண்டித்தால், தண்டனை நியாயமானதாகவே இருந்தாலும் அது நியாயமாகத் தெரியாது. அந்தக் குழுவுக்கே நலன் முரண் இருக்கிறது. தேர்தல் வெற்றியும் இதைத் தீர்த்துவைக்காது. வாக்காளர் பல காரணங்களை வைத்து ஓட்டுப் போடுகிறார், குற்றப்பத்திரிகையைப் படித்துத் தீர்ப்பு எழுதுவதற்காக அவர் பூத்துக்குப் போவதில்லை.

பிரிட்டனில் 1994இல் கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரம் வெடித்த பிறகு, எம்.பி.யாக இல்லாத ஒரு சுயேச்சையான ஆணையரை 1995இல் கொண்டுவந்தார்கள். புகாரை விசாரிப்பது அவர். அவர் அறிக்கையைப் பரிசீலிக்கும் குழுவில் வெளியாட்களும் உட்காருகிறார்கள். அங்கும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2021இல் ஓவன் பேட்டர்சன் என்ற ஆளுங்கட்சி எம்.பி., தனக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனங்களுக்காக அரசிடம் பேசினார் என்று ஆணையர் கண்டறிந்தபோது, அரசு விதியையே மாற்றி அவரைக் காப்பாற்றப் பார்த்தது. எதிர்ப்பில் ஒரே நாளில் பின்வாங்க வேண்டியதாயிற்று, அவரும் ராஜினாமா செய்தார். சுயேச்சையான ஒருவர் எழுதிய அறிக்கை கையில் இருந்ததால்தான் அந்த எதிர்ப்புக்குப் பலம் கிடைத்தது.

நாம் எங்கே பார்க்கலாம்

2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வேட்பாளர்கள் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர ஆரம்பித்தார்கள். படிவம் 26 என்பது அதன் பெயர். பின்னர் வருமானம் எங்கிருந்து வருகிறது, அரசோடு என்ன ஒப்பந்தம் இருக்கிறது என்பதையும் சேர்த்தார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

செய்திகளில் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கோடி எவ்வளவு என்பது நலன் முரணைப் பற்றி அதிகம் சொல்லாது. பரம்பரைப் பணக்காரராக இருக்கலாம். பார்க்க வேண்டியவை வேறு: எந்தக் கம்பெனிகளில் பங்கு, மனைவியின் வருமானம் எந்தத் தொழிலில், நிலம் எந்த ஊரில், யாரிடம் கடன். அமைச்சராகிவிட்டால் அவருடைய துறை எது என்பதைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கல்லூரி நடத்துபவருக்குக் கல்வித் துறையா, லாரி ஓட்டுபவருக்குப் போக்குவரத்தா?

இங்கேயும் வளர்ந்த பிள்ளைகள், சகோதரர்கள் விவரம் கிடைக்காது. அதற்கு வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லிருந்து இருக்கிறது, டெண்டர் அறிவிப்புகள் இணையத்தில் வருகின்றன. வேலை எந்த நிறுவனத்துக்குப் போனது, அதன் இயக்குநர்கள் யார் என்று தேடினால் உறவு தெரிந்துவிடும். ஊராட்சி, நகராட்சி அளவில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் யார் யாருக்கு என்ன உறவு என்பது தெருவுக்கே தெரியும். சாலை போட்டவர் தலைவரின் சொந்தக்காரர் என்று தெரிந்தால், எவ்வளவு கமிஷன் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வேலைக்கு ஒப்புதல் தந்த கூட்டத்தின் தீர்மான நகலைக் கேளுங்கள். உறவைச் சபையில் சொன்னாரா, தீர்மானம் வந்தபோது எழுந்து வெளியே போனாரா, கையெழுத்துப் போட்டாரா என்பதெல்லாம் அதில் இருக்கும்.